பழைய கேம்பாய் அட்வான்ஸுக்கு எந்த ஸ்கிரீன்? அப்படியே விடவா, 101 போடவா, ஐபிஎஸ் போடவா, எஸ்பி வாங்கவா

என் சித்தி பையன் போன வாரம் ராத்திரி போன் பண்ணினான். பரண் மேல இருந்த சூட்கேஸ்ல அவனோட பழைய கேம்பாய் அட்வான்ஸ் (நின்டெண்டோ கம்பெனி வித்த, கையில பிடிச்சு விளையாடற கேம் மெஷின்) கிடைச்சிருக்கு, செல் போட்டா ஆன் ஆகுது, பாட்டு வருது, ஆனா "அண்ணா, ஒண்ணுமே தெரியல, டியூப்லைட்டுக்கு நேர் கீழ உக்காந்தாதான் ஆள் நிக்கறதே தெரியுது, நாம சின்ன வயசுல இதுலயா விளையாடினோம்?"னு கேட்டான். இதுலயேதான் விளையாடினோம், மொட்டை மாடிக்குப் போய் வெயில்ல உக்காந்து, சாயந்திரம் ஆனா ஜன்னல் ஓரமா ஒட்டிக்கிட்டு. இப்ப அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு பதில், எந்த ஸ்கிரீன் போடறது. இதே கேள்வியை இந்த வருஷம் நாலு பேர் என்கிட்ட கேட்டுட்டாங்க, நாலு பேருக்கும் நான் வேற வேற பதில்தான் சொன்னேன், அதனால மொத்தமா உக்காந்து எழுதிடறேன்.

முதல்ல ஏன் அவ்வளவு இருட்டுன்னு தெரிஞ்சுக்கணும், இல்லன்னா என்ன மாத்தறோம்னே புரியாது. 2001ல வந்த இந்த மெஷின்ல இருக்கறது 2.9 இன்ச், 240×160 பிக்சல் ஸ்கிரீன். உள்ள விளக்கே கிடையாது. வெளியில இருந்து விழற வெளிச்சம் பேனல் வழியா உள்ள போய், பின்னாடி இருக்கற கண்ணாடி மாதிரி பூச்சுல பட்டு, திரும்ப அதே பேனல் வழியா வெளிய வரணும், ரெண்டு தடவை கலர் ஃபில்டரைத் தாண்டறதுல நிறைய வெளிச்சம் அங்கயே போயிடுது. விளக்கு வைக்காததால விலையும் குறைஞ்சது (அமெரிக்காவுல 100 டாலருக்கு வித்தாங்க), 2 பென்சில் செல்லுல 15 மணி நேரம் ஓடும்னும் நின்டெண்டோ சொல்ல முடிஞ்சது. ஆனா மெஷின் கூடவே வெளியான காசில்வேனியா: சர்க்கிள் ஆஃப் தி மூன் மாதிரி இருட்டு கேமை வாங்கினவங்க பாடு திண்டாட்டம்தான். அடுத்த வருஷமே ட்ரைடன் லேப்ஸ்னு ஒரு சின்ன கம்பெனி ஆஃப்டர்பர்னர்னு முன்னாடி இருந்து வெளிச்சம் அடிக்கற கிட்டை வித்துச்சு, ஜனங்க ஷெல்லை (மெஷினோட வெளி பிளாஸ்டிக் கூடு) வெட்டி, சால்டர் பண்ணி மாட்டினாங்க. அதாவது இந்த ஸ்கிரீனை மாத்தற வேலைக்கு மெஷினோட வயசுதான்.

## எதை வச்சு முடிவு பண்றது

விலையை மட்டும் பார்த்து இறங்கினீங்கன்னா நடுவுல மாட்டிப்பீங்க. நான் அஞ்சு விஷயம் பார்ப்பேன்.

எங்க விளையாடப் போறீங்க, பகல்லயா, ராத்திரி படுக்கையிலயா, பஸ்லயா. படம் எப்படி இருக்கணும், பழைய மாதிரியே வேணுமா, பளிச்சுன்னு வேணுமா. செல் எவ்வளவு நேரம் தாங்கணும். உங்க கைக்கு எவ்வளவு வேலை வரும், சால்டரிங் அயர்ன் பிடிச்ச பழக்கம் இருக்கா. கடைசியா, எனக்கு ரொம்ப முக்கியமானது இதுதான், நாளைக்கு மனசு மாறினா பழைய நிலைக்குக் கொண்டு வர முடியுமா. இந்த மெஷின் இனிமே யாரும் செய்யப் போறது இல்ல, வெட்டின பிளாஸ்டிக் திரும்ப வளராது, அதனால அஞ்சாவது கேள்விக்கு நான் மத்த நாலையும் விட அதிக வெயிட் குடுப்பேன்.

## ஒண்ணு: அப்படியே வச்சுக்கறது

இதை யாரும் ஒரு ஆப்ஷனாவே நினைக்கறது இல்ல, ஆனா நினைக்கணும். பல மெஷின்ல ஸ்கிரீன் மோசமா தெரியறதுக்கு பாதிக் காரணம் மேல இருக்கற பிளாஸ்டிக் லென்ஸ்தான், இருபது வருஷம் பையில சாவியோட உரசி மங்கிப் போயிருக்கும். அதைப் பிச்சு எடுத்துட்டு (ஓரத்துல ஹேர் ட்ரையர் காட்டினா பசை இளகும்) புது கண்ணாடி லென்ஸ் ஒட்டினாலே நல்ல வித்தியாசம் தெரியும். அதுக்கு மெஷினைத் திறக்கவே வேண்டாம். ஒட்டறதுக்கு முன்னாடி ரப்பர் பல்பால காத்தடிச்சு தூசி போயிடுச்சான்னு சாய்ச்சுப் பாருங்க, ஒட்டினப்பறம் ஒரு துகள் மாட்டினாலும் கண்ணு அங்கயேதான் போகும்.

வெயில்ல இந்த ஸ்கிரீன் மாதிரி அழகு வேற எதுலயும் வராது. வெளிச்சம் ஏற ஏற படம் தெளிவாகிக்கிட்டே போகும். சின்ன விஷயம் இன்னொண்ணு, அந்தக் காலத்து கேம்ஸ் இந்த ஸ்கிரீனை மனசுல வச்சுத்தான் கலர் போட்டாங்க. நிழல், புகை மாதிரி விஷயத்தை ஒரு ஃப்ரேம் காட்டி அடுத்த ஃப்ரேம் மறைச்சு செய்வாங்க, பழைய பேனல் மெதுவா மாறறதால ரெண்டும் கலந்து பாதி கண்ணாடி மாதிரி தெரியும், வேகமான புது பேனல்ல அது வெறும் மினுக்கலா தெரியும்.

பகல்ல வாசல்ல உக்காந்து எப்பவாவது விளையாடறவங்க, மெஷினை வாங்கினபடியே பாதுகாக்க நினைக்கறவங்க, செல் மாத்தி மாத்தி அலுத்துக்கறவங்க இதோட நின்னுக்கலாம். ராத்திரி விளையாடற ஆளுக்கு இது ஆகாது.

## ரெண்டு: 101 பேனல்

எஸ்பின்னு மடக்கற மாடல் 2003ல வந்தது, அதோட 2005ல வந்த வெர்ஷனுக்கு ஏஜிஎஸ்-101னு பேரு, எஸ்பியில அதுலதான் முதல் தடவையா பின்னாடி இருந்து வெளிச்சம் வர்ற பேனல். அந்தப் பேனலை எடுத்து, ஒரு ரிப்பன் (பட்டையான மெல்லிய வயர்) அடாப்டர் போட்டு பழைய மெஷின்ல மாட்டறது பல வருஷமா நடந்த மாற்றம். மதர்போர்டுல ஸ்கிரீன் கனெக்டர் 40 பின், 32 பின்னு ரெண்டு வகை இருக்கு, அடாப்டர் வாங்கும்போது அதைப் பார்த்து வாங்கணும்.

இதோட நல்ல குணம் என்னன்னா ஒரு பிக்சலுக்கு ஒரு பிக்சல், நடுவுல எந்த சிப்பும் படத்தைத் தொடாது. தாமதம் கிடையாது, குறுக்க கோடு விழுந்து படம் கிழிஞ்ச மாதிரி தெரியறது கிடையாது, பிக்சல் கட்டம் பழைய மாதிரியே தெரியும். ஷெல்லையும் கொஞ்சம்தான் செதுக்கணும்.

ஆனா மறைஞ்சிருக்கற செலவு ஒண்ணு இருக்கு, எனக்கு அது மனசு ஒப்பாத செலவு. அசல் பேனல் வேணும்னா நல்லா ஓடிக்கிட்டிருக்கற ஒரு 101 எஸ்பியைக் கழட்டணும். ஒரு மெஷினைக் காப்பாத்த இன்னொண்ணைக் கொல்றது. நின்டெண்டோ இந்தப் பேனலை இப்ப செய்யறது இல்ல, அதனால விலையும் ஏறிப் போச்சு. காப்பிப் பேனல்னு விக்கறதுல தரம் ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல, பழைய பேனல்னா பேக்லைட் எவ்வளவு வருஷம் எரிஞ்சு களைச்சிருக்குன்னு வெளிய இருந்து தெரியாது. சாதாரணமா மாட்டினா பிரைட்னஸ் ஒரே அளவுதான், கூட்டிக் குறைக்கணும்னா தனியா வயர் இழுக்கணும். சிலதுல ஸ்பீக்கர்ல ஒரு மெல்லிய இரைச்சலும் சேர்ந்துக்கும்.

யாருக்கு நல்லதுன்னா, உங்க கையில ஏற்கனவே ஒரு உடைஞ்ச 101 எஸ்பி இருக்கு, மடக்கற கீல் உடைஞ்சு போயிடுச்சு, ஸ்கிரீன் மட்டும் நல்லா இருக்குன்னா தாராளமா போடுங்க. அதுக்காகவே ஒண்ணை வாங்கிக் கழட்டாதீங்க.

## மூணு: ஐபிஎஸ் கிட்

இப்ப நிறையப் பேர் போடறது இதுதான், நானும் அதிகமா போட்டுக் குடுத்தது இதுதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

ஐபிஎஸ்ங்கறது எந்தப் பக்கம் சாய்ச்சுப் பார்த்தாலும் கலர் மாறாத ஒரு எல்சிடி வகை. செல்போன் வகையில வர்ற பேனல், கூட ஒரு சின்ன டிரைவர் போர்டு, ரெண்டு வகை கனெக்டருக்கும் ஏத்த ரிப்பன். கேம்பாய் அனுப்பற 240×160 படத்தை அந்த போர்டு பெரிசாக்கிப் பேனலுக்கு அனுப்பும். இப்ப வர்ற நல்ல கிட்ல பேனல் 720×480, அதாவது அகலம் உயரம் ரெண்டும் சரியா 3 மடங்கு, அதனால ஒவ்வொரு பிக்சலும் ஒரே அளவா கூர்மையா நிக்கும். சரியான மடங்கு வராத பேனல்ல எழுத்து ஒரு பக்கம் தடிச்சு ஒரு பக்கம் மெலிஞ்சு தெரியும், வாங்கறதுக்கு முன்னாடி இதைக் கண்டிப்பா கேளுங்க.

ஆரம்பத்துல வந்த கிட்ல படம் குறுக்க கிழிஞ்சு தெரியும், வேகமா ஓடற கேம்ல ஒரு கோணல் கோடு ஓடும். காரணம், அந்தப் பேனல் செங்குத்தா நிக்கறதுக்குச் செஞ்சது, அதைப் படுக்க வச்சிருக்கோம், கேம்பாய் மேல இருந்து கீழ வரைய, பேனல் பக்கவாட்டுல வரையும். புது கிட்ல இதைச் சரி பண்ணிட்டாங்க. விலை மலிவா இருக்கேன்னு பழைய ஸ்டாக்கை வாங்கிடாதீங்க.

லேமினேட் பண்ண கிட், பண்ணாத கிட்னு ரெண்டு உண்டு. லேமினேட்னா முன் கண்ணாடியும் பேனலும் ஃபேக்டரியிலயே ஒட்டி வந்திடும். காசு கொஞ்சம் கூட, ஆனா அந்தக் காசு வீண் போகாது. தனித்தனியா ஒட்டும்போது தூசிக்காக நான் ஒரு ராத்திரி முழுக்க பாத்ரூம்ல ஷவரைத் திறந்து விட்டு ஈரக்காத்துல உக்காந்து வேலை பார்த்திருக்கேன், காலையில பார்த்தா நடுவுல ஒரு துணி நூல். லேமினேட்ல அந்தப் பிரச்சினையே கிடையாது.

இப்ப ஷெல். ஒரிஜினல் ஷெல்லுல பெரும்பாலான ஐபிஎஸ் பேனல் அப்படியே உக்காராது, உள்ள இருக்கற பிளாஸ்டிக் சுவரை வெட்டணும். நான் ஆரம்பத்துல ஒரு ஊதா கலர் ஒரிஜினல் ஷெல்லை வெட்டினேன். ஸ்கிரீன் சட்டத்துக்குள்ள பிளையரால ஒவ்வொரு சுவரா நறுக்கி, அரம் போட்டுத் தேய்ச்சு, கடைசி மூலையில கட்டர் சறுக்கி முன்பக்கம் வரைக்கும் வெள்ளையா ஒரு கீறல் விழுந்துச்சு. அந்த மெஷின் என் நண்பனோட அண்ணனுது. அவர் ஒண்ணும் சொல்லல, ஆனா கையில வாங்கிக் கட்டை விரலால அந்தக் கீறலைத் தடவிப் பார்த்துக்கிட்டே இருந்தார். அதுக்கப்பறம் நான் ஒரிஜினல் ஷெல்லை வெட்டறதை விட்டுட்டேன். ஐபிஎஸ்ஸுக்குன்னே வெட்டி வர்ற புது ஷெல் வாங்குங்க, பழையதைத் துடைச்சு எடுத்து வைங்க.

புது ஷெல்லுக்கும் குறை உண்டு. ஸ்க்ரூ ஓட்டை சரியா இருக்காது, பிளாஸ்டிக் மென்மையா இருக்கும், ரெண்டு மூணு தடவை கழட்டி மாட்டினா மரை போயிடும். கூட வர்ற பட்டனும் ரப்பரும் பெரும்பாலும் கொழகொழன்னு இருக்கும், உங்க பழைய மெஷின்ல இருந்த ரப்பரையும் பட்டனையும் கழுவிப் போட்டுக்கங்க, கைக்கு அதுதான் சுகம்.

மறைஞ்ச செலவுன்னு பார்த்தா முதல்ல கருவி. பின்பக்கம் இருக்கற 6 ஸ்க்ரூவும் மூணு கால் வச்ச ட்ரை-விங், செல் போடற குழியில 1 மட்டும் சாதாரண ஸ்டார். ட்ரை-விங் டிரைவர் இல்லாம கத்தியை வச்சுத் திருகினா தலை தேஞ்சு போய் அப்பறம் துளை போட்டுத்தான் எடுக்கணும். ரெண்டாவது செல். பேக்லைட் கரண்டைக் குடிக்கும், அந்த 15 மணி நேரம் பாதிக்கும் கீழ போயிடும்னு வச்சுக்கங்க, பிரைட்னஸ் முழுசா வச்சா இன்னும் சீக்கிரம். அதனால நல்ல ரீசார்ஜ் செல் 4, ஒரு சார்ஜர், இதையும் பட்ஜெட்ல சேருங்க. அந்த செல் 1.2 வோல்ட்டுங்கறதால மெஷினோட பவர் விளக்கு சீக்கிரமே சிவப்பாகும், பயப்படாதீங்க, அதுக்கப்பறமும் ரொம்ப நேரம் ஓடும். லித்தியம் பேட்டரி, டைப்-சி சார்ஜிங்னு கிட் விக்கறாங்க, அதுக்கும் சில நேரம் ஷெல்லை வெட்டணும், நான் சாதாரண ரீசார்ஜ் செல் பக்கம்தான்.

மூணாவது பவர் சுவிட்ச். இது ரொம்பப் பேருக்குத் தெரியாது. கிட் மாட்டினப்பறம் பிரைட்னஸ் ஏத்தினா மெஷின் தானா ரீஸ்டார்ட் ஆகுது, கிட் கெட்டுப் போச்சுன்னு திருப்பி அனுப்பறாங்க. பல தடவை காரணம் இருபது வருஷ அழுக்கு பிடிச்ச சுவிட்சுதான், அதிகக் கரண்ட் போகும்போது அங்க வோல்டேஜ் விழுந்துடுது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ரெண்டு சொட்டு விட்டு முப்பது நாப்பது தடவை முன்னும் பின்னும் தள்ளுங்க, காய விடுங்க, பெரும்பாலும் சரியாகிடும். செல் தொடற தகட்டுல பச்சை பூத்திருந்தா அதையும் தேய்ச்சு எடுங்க.

சால்டரிங் கட்டாயமான்னு கேட்டா, படம் வர்றதுக்கு வேண்டாம். ரிப்பனைச் செருகினா வேலை முடிஞ்சுது. பட்டன்லயே பிரைட்னஸ் கூட்டிக் குறைக்கணும்னா 3 மெல்லிசான வயர், எல், ஆர், செலக்ட் பட்டன் பக்கத்துல சால்டர் பண்ணனும். பத்து நிமிஷ வேலை, பழக்கம் இல்லன்னா பழைய ரேடியோ போர்டுல ரெண்டு நாள் கை பழக்கிட்டு வாங்க. இதை விட நான் பயப்படறது கனெக்டர் பூட்டுக்குத்தான். ரெண்டு பக்கமும் சின்னக் காது மாதிரி இருக்கும், அதை நகத்தால ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு, ரெண்டு பக்கமும் சமமா, வெளிய தள்ளணும். ஒரு பக்கமா இழுத்தா டக்குன்னு ஒடிஞ்சிடும், அப்பறம் ரிப்பன் நிக்காது. ரிப்பனை நேரா செருகி, பூட்டைத் தள்ளி, வெள்ளைக் கோடு பூட்டுக்கு இணையா இருக்கான்னு குனிஞ்சு பாருங்க. கோணலா இருந்தா படத்துல கோடு கோடா வரும். பேனலுக்குப் பின்னாடி கிட்டோட வர்ற இன்சுலேஷன் ஷீட்டை ஒட்ட மறக்காதீங்க, மறந்தா ஷார்ட் ஆகும்.

படத்தைப் பத்தி ஒரே ஒரு எச்சரிக்கை. இருட்டு ஸ்கிரீன்ல தெரியணும்னு அந்தக் காலத்துல கலரை ஏத்திப் போட்ட கேம்ஸ் ஐபிஎஸ்ல கண்ணைக் குத்தும், பச்சை எல்லாம் ஃப்ளோரசன்ட் மாதிரி இருக்கும். கலரைச் சரி பண்ற மோடு இருக்கற கிட்டா பார்த்து வாங்குங்க.

## நாலு: எஸ்பியே வாங்கிடறது

மெஷினைத் திறக்கவே பயம்னா இது வழி. ஆனா எந்த எஸ்பின்னு பார்க்கணும். முதல்ல வந்த ஏஜிஎஸ்-001ல விளக்கு முன்னாடி இருந்து அடிக்கும், கருப்பு சாம்பலா வெளிறிப் போயிருக்கும். 101லதான் நல்ல வெளிச்சம். கடையில பார்க்கும்போது ஸ்டிக்கரை நம்பாதீங்க, ஷெல்லும் ஸ்டிக்கரும் தனியா கிடைக்குது. நானே ஒரு தடவை ஆன்லைன்ல 101னு போட்டிருந்ததை நம்பி வாங்கி, பிரிச்சு ஆன் பண்ணின நிமிஷம் வெளிறின படத்தைப் பார்த்து நெஞ்சு கனத்துப் போச்சு, விக்கிறவர் பணத்தைத் திருப்பித் தரவே இல்ல. சோதனை சுலபம்: நடுவுல இருக்கற பிரைட்னஸ் பட்டனை அமுக்குங்க. விளக்கு முழுசா அணைஞ்சா 001. அணையாம கொஞ்சம் பிரைட், நல்ல பிரைட்னு மட்டும் மாறினா 101. வீடியோ அனுப்பச் சொல்லிப் பார்த்துட்டு காசு குடுங்க.

உள்ளயே சார்ஜ் ஆகற பேட்டரி இருக்கு, மடக்கினா ஸ்கிரீன் பத்திரம், பாக்கெட்ல போட்டுக்கலாம். குறைன்னா ஹெட்போன் ஓட்டை கிடையாது, அதுக்குத் தனி அடாப்டர் வேணும், சார்ஜரும் தனி வகை, போன் சார்ஜரை நேரா செருக முடியாது. ரொம்ப முக்கியமா, பெரிய கைக்கு இது ஆகாது. எல், ஆர் பட்டன் மேல விரலை மடக்கி வச்சு அரை மணி நேரம் விளையாடினா எனக்கு உள்ளங்கை இழுத்துக்கும். அகலமா படுத்த ஷேப்ல இருக்கற பழைய அட்வான்ஸ் கைக்குள்ள உக்கார மாதிரி இது உக்காராது, ஸ்கிரீனை மட்டும் யோசிக்கறவங்க இதை மறந்துடறாங்க.

(அனலாக் பாக்கெட்னு 2021 கடைசியில வந்த புது மெஷினும் பழைய கார்ட்ரிட்ஜை (செருகற கேம் கட்டையை) வாங்கிக்கும், 1600×1440 ஸ்கிரீன், படம் பிரமாதம். ஆனா பரண்ல கிடைச்ச மெஷினை உயிர்ப்பிக்கறதுதான் நம்ம பேச்சு, அதனால அதுக்குள்ள போகல.)

## பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா

| | ஒரிஜினல் + புது லென்ஸ் | 101 பேனல் | ஐபிஎஸ் + புது ஷெல் | 101 எஸ்பி |
|---|---|---|---|---|
| செலவு | ரொம்பக் கம்மி | அதிகம் | நடுத்தரம், செல் சார்ஜர் சேர்த்தா கூடும் | அதிகம் |
| ராத்திரி | முடியாது | நல்லா இருக்கும் | ரொம்ப நல்லா இருக்கும் | நல்லா இருக்கும் |
| நல்ல வெயில் | இதுதான் ராஜா | சுமார் | பிரைட்னஸ் ஏத்தினா பரவாயில்ல | சுமார் |
| செல் | 15 மணி வரை | குறையும் | பாதிக்கும் கீழ | உள்ளயே சார்ஜ் ஆகும் |
| கை வேலை | லென்ஸ் ஒட்டறது மட்டும் | செதுக்கணும், வயர் இழுக்க வேண்டி வரலாம் | செருகினா போதும், சால்டரிங் விருப்பம் | ஒண்ணும் இல்ல |
| பழைய நிலைக்கு | மாத்தவே இல்லையே | ஷெல் போச்சு | முழுசா திரும்பலாம் | பொருந்தாது |
| பயம் | தூசி | பழைய பேனல் களைப்பு | கனெக்டர் பூட்டு, பழைய ஸ்டாக் | போலி ஸ்டிக்கர் |

கிட் வெளிநாட்டுல இருந்து வர்றதுன்னா கஸ்டம்ஸ் வரி, கூரியர் ரெண்டையும் கேட்டுட்டு ஆர்டர் போடுங்க. ஷெல், லென்ஸ், டிரைவர் எல்லாத்தையும் ஒரே பார்சல்ல வரவழைச்சா தனித்தனியா கட்டறது மிச்சம்.

## சித்தி பையனுக்கு என்ன சொன்னேன்

அவன் ஷிப்ட் வேலைக்குப் போறவன், ராத்திரி பதினொண்ணுக்கு மேல படுக்கையிலதான் நேரம். அதனால லேமினேட் பண்ண ஐபிஎஸ் கிட், வெட்டி வர்ற ஷெல், பழைய பட்டன். சால்டரிங் இப்ப வேண்டாம், கிட்டோட வர்ற பிரைட்னஸ்லயே விட்டுடு, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அந்த 3 வயரை நான் போட்டுத் தரேன்னு சொல்லிட்டேன். அவனே காலையில விளையாடறவனா இருந்திருந்தா லென்ஸை மட்டும் மாத்துடான்னு சொல்லியிருப்பேன்.

இன்னொண்ணும் சொன்னேன். கழட்டின ஸ்கிரீனை ரிப்பன் மடங்காம ஒரு தட்டையான டப்பாவுல, மெத்துன்னு துணி சுத்தி வை. பழைய ஷெல், அந்த 7 ஸ்க்ரூ, பின்பக்க ஸ்டிக்கரோட அப்படியே ஒரு ஜிப் கவர்ல போடு. கவர் மேல மார்க்கர்ல உன் பேரும் தேதியும் எழுதி அதே சூட்கேஸ்ல வச்சுடு.